வெற்றிலைச் சிவப்பா, ரத்தமா? 46ஆம் நாள் எச்.ஐ.வி. ரிப்போர்ட்டை நம்பலாமா?

தண்டையார்பேட்டை_தூங்காதவன் | இரவு 2.14

வணக்கம். பல மாதங்களாக இங்கே வாசிப்பதோடு சரி. இன்றுதான் முதன்முதலாக எழுதுகிறேன். வயது 29. திருவொற்றியூர் பக்கம் ஒரு சரக்குப் பெட்டக முனையத்தில் கணக்கு எழுதுகிறேன். தை மாதம் எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது.

ஆடிக் கடைசியில் நண்பர்களோடு வெளியூர் போன இடத்தில் ஒரு பெண்ணிடம் போனேன். உடலுறவு இல்லை. வாய்வழி மட்டும், அதுவும் அவர் எனக்குச் செய்தது. ஆணுறை கிடையாது. ஐந்து நிமிடம்கூட இருக்காது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அறைக்குத் திரும்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் கைக்குட்டையில் சிவப்பாகக் கறை. அவர் வெற்றிலை போட்டிருந்தார் என்பது நினைவிருக்கிறது. ஆனால் அது வெற்றிலைச் சாறா, ஈறில் கசிந்த ரத்தமா என்று அன்றிலிருந்து மூளை அரைத்துக்கொண்டே இருக்கிறது.

இதுவரை எடுத்த பரிசோதனைகளைச் சொல்கிறேன். 9ஆம் நாள் ராபிட் கார்டு, நெகட்டிவ். 29ஆம் நாள் ஒரு தனியார் ஆய்வகத்தில் நான்காம் தலைமுறைப் பரிசோதனை. நான்-ரியாக்டிவ், மதிப்பு 0.11. 46ஆம் நாள் வேறொரு ஆய்வகத்தில் அதே பரிசோதனை. நான்-ரியாக்டிவ், மதிப்பு 0.24.

கவனியுங்கள், 0.11 பதினேழு நாளில் 0.24 ஆகியிருக்கிறது. இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியென்றால் உள்ளே ஏதோ ஏறிக்கொண்டிருக்கிறது என்றுதானே பொருள்?

கழுத்தில் பட்டாணி அளவு ஒரு கட்டி தட்டுப்படுகிறது. நாக்கு வெள்ளையாக இருக்கிறது. இரவில் வியர்க்கிறது. சிறுநீர் கழிக்கும்போது லேசாக எரிகிறது, அது உடல்சூடுதான். இன்று 52ஆம் நாள். நிச்சயித்த பெண் போன் செய்தால் எடுக்கவே பயமாக இருக்கிறது. யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை_கணக்கு | காலை 6.40

தம்பி, நீங்களும் கணக்குப் பிரிவு, நானும் கணக்குதான். எண்களாகவே பேசிவிடுவோம்.

எச்.ஐ.வி. உள்ள ஒருவரோடு ஒருமுறை இப்படி நடந்தால் எத்தனை பேருக்குத் தொற்றும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஊசியைப் பகிர்ந்தால் 10,000 முறைக்குச் சுமார் 63. ஆசனவழி உறவில் ஏற்பவருக்கு 138. பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. வாய்வழிக்கு இப்படி ஓர் எண் போடவே ஆள் கிடைக்காமல் ‘மிகக் குறைவு’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஸ்பெயினில் ஓர் ஆய்வு நடந்து 2002இல் வெளியானது. இணையருக்கு எச்.ஐ.வி. இருந்து தமக்கு இல்லாத 135 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஆணுறை இல்லாமல் வாய்வழி உறவு மட்டும் 19,000 தடவைக்கு மேல். ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. நீங்கள் ஒரே ஒரு தடவை. அதுவும் வாயைப் பயன்படுத்தியவர் நீங்கள் இல்லை. அந்தப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா என்பதே தெரியாது. நம் நாட்டில் வயது வந்தவர்களில் அது சுமார் 0.2 சதவீதம் பேருக்குத்தான் இருக்கிறது. பாலியல் தொழிலில் இருப்பவர்களிடம் அதைவிடக் கூடுதல்தான். இருந்தாலும் பெருக்கிப் பாருங்கள்.

தண்டையார்பேட்டை_தூங்காதவன் | காலை 6.52

நன்றி அண்ணா. ஆனால் அந்த 135 பேரில் யாருடைய வாயிலும் ரத்தம் இருந்திருக்காதே? என் கணக்கில் ரத்தம் இருக்கிறது. இருந்திருக்கலாம்.

பழைய_வண்ணை | காலை 8.05

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு இந்த வேலை தேவையா? பயம் நல்லதுதான், நன்றாக அனுபவியுங்கள்.

ராயபுரம்_தாத்தா | காலை 9.30

மேலே பேசிய வண்ணை நண்பர் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரட்டும். தம்பி, நான் ஆய்வகத்தில் 31 ஆண்டு ரத்தம் பார்த்து ஓய்வு பெற்றவன். உன் 0.24ஐ என்னிடம் விடு.

இந்த மாதிரி ரத்தப் பரிசோதனைக்கு எலிசா என்று பெயர். அது என்ன என்று யாரும் உனக்குக் காட்டியிருக்க மாட்டார்கள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் தட்டு. அதில் 8 வரிசை, வரிசைக்கு 12 குழி, மொத்தம் 96. குழிகளின் அடியில் வைரஸின் புரதம் ஒட்டியிருக்கும். உன் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை ஒரு குழியில் விட்டு, ஊறவைத்துக் கழுவுவோம். வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருந்தால் அது புரதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், இல்லாவிட்டால் கழுவலோடு போய்விடும். பிறகு ஒரு நொதி, மறுபடி கழுவல், பிறகு நிறம் காட்டும் திரவம். இருக்கிற குழி நீலமாகும். கடைசியில் ஒரு சொட்டு அமிலம் விட்டதும் நீலம் மஞ்சளாகும். இல்லாத குழி நிறமில்லாமல் வெறும் தண்ணீராக நிற்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தே சொல்லிவிடுவோம்.

ஆனால் தண்ணீர் மாதிரி தெரிகிற குழியிலும் கருவி ஏதாவது ஓர் எண்ணைக் காட்டத்தான் செய்யும். கழுவியதில் ஒரு துளி மிச்சமிருக்கும், அறையின் வெப்பம் மாறும், கிட் வேறாக இருக்கும். அதனால்தான் ‘கட்-ஆஃப்’ என்று ஒரு கோடு போடுகிறோம். உன் குழியின் எண்ணை அந்தக் கோட்டின் எண்ணால் வகுத்தால் வருவதுதான் உன் 0.11, 0.24 எல்லாம். ஒன்றைத் தொட்டால்தான் பேச்சே. இப்போது பெரிய ஆய்வகங்களில் தட்டுக்குப் பதில் ஒளியை அளக்கும் இயந்திரம் வந்துவிட்டது. கணக்கு அதேதான்.

காசிமேட்டில் மீன் நிறுக்கும் தராசைப் பார்த்திருப்பாய். தட்டு காலியாகத்தான் தொங்கும், கடல்காற்று அடித்தால் முள் கொஞ்சம் ஆடும். அதைப் பார்த்துவிட்டு, ‘அரைக் கிலோ வஞ்சிரம் இருக்கிறது, காசு கொடு’ என்று யாராவது கேட்டால் கொடுப்பாயா? உன் 0.11 ஒரு காற்று. 0.24 இன்னொரு கடையில் அடித்த காற்று. இரண்டு கடைக் காற்றையும் கழித்துப் பார்த்து உள்ளே ஏதோ ஏறுகிறது என்கிறாய். கணக்கு எழுதுகிறவன் செய்கிற வேலையா இது?

எண்ணூர்_கழிமுகம் | காலை 10.15

தாத்தா சொல்வது சரி. ஆனால் 46 நாள் போதுமா? என் அண்ணன் ரத்ததானம் செய்யப் போனபோது 6 மாதம் என்று சொன்னார்கள். ஒரு மருத்துவர் 3 மாதம் என்கிறார். இணையத்தில் 45 நாள். ஆளுக்கு ஒன்று சொன்னால் மனிதன் எதைத்தான் நம்புவான்?

ராயபுரம்_தாத்தா | காலை 10.48

மூன்றும் பொய்யில்லை. பரிசோதனைகள் வேறு வேறு, அதற்குத் தகுந்த நாள்.

எண்பதுகளில் வந்த முதல் தலைமுறைக் கிட்டுகள் மந்தமானவை. எதிர்ப்பொருள் நிறையச் சேர்ந்தால்தான் கண்டுபிடிக்கும். 6 மாதம் என்பது அந்தக் காலத்து மிச்சம். கிட் மாறிவிட்டது, வாய் மாறவில்லை. எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் கிட், விரல் நுனியில் குத்தி எடுக்கும் ராபிட் கார்டு இவற்றுக்கு 90 நாள் கணக்கு. நான்காம் தலைமுறையோ எதிர்ப்பொருளோடு சேர்த்து வைரஸின் சொந்தப் புரதமான பி24ஐயும் தேடுகிறது. பி24 முதலிலேயே தலைகாட்டிவிடும். நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்தால் 18 முதல் 45 நாளுக்குள் தெரிந்துவிடும். உனக்கு 46. முடிந்தது.

வைரஸின் மரபுப்பொருளையே தேடும் பரிசோதனையும் இருக்கிறது. அது 10 முதல் 33 நாளுக்குள் காட்டும். ஆனால் ஆயிரக்கணக்கில் பணம். உனக்குத் தேவையே இல்லை. சொல்லிவிட்டேனே என்று நாளைக்கே போய் எடுக்காதே.

9ஆம் நாள் எடுத்த ராபிட் கார்டுக்குக் கொடுத்த பணம்தான் வீண். அந்த நாளில் எந்த ராபிட் கார்டாலும் எதையும் சொல்ல முடியாது. இதை ஆய்வகத்தில் இருந்தவர் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வியாபாரம் போய்விடும் என்று விட்டிருப்பார்.

பழைய கதை ஒன்று. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் ஊர்க்காரர்களின் ரத்தத்தில்தான். 1986இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா. அந்தப் பெண் மாதிரிகளை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, இரவு ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப் போனார். அங்கே தட்டில் மஞ்சளான மாதிரிகள் ஆறு. எங்கள் தொழிலில் மஞ்சள் என்றால் கொஞ்சம் வயிறு கலங்குவது அப்போது தொடங்கியதுதான்.

தண்டையார்பேட்டை_தூங்காதவன் | மாலை 7.20

ஐயா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். மதியம் வரை நிம்மதியாக இருந்தது. பிறகு, ‘ரத்த மாதிரி மாறியிருந்தால்?’ என்று தோன்றியது. 46ஆம் நாள் போன இடத்தில் கூட்டம். எனக்கு முன்னால் இருந்தவருக்கும் என் பெயரேதான். ஊசி போட்ட பெண் குழாயில் சீட்டு ஒட்டும்போது யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். போதாததற்கு வரவேற்பில் இருந்தவர், “எச்.ஐ.வி. டெஸ்ட் யாருங்க?” என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். போன வாரம் மின்ட் பக்கம் ஒரு கடையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வாங்கி நானே போட்டேன். வாழ்நாளில் முதல்முறை. தலை சுற்றியது. அதே மாதிரி வெள்ளைக் கைக்குட்டையில் துப்பி, பழைய கைக்குட்டையோடு பக்கத்தில் வைத்து நிறத்தை ஒப்பிட்டேன். முதல் நாள் ஒன்றுபோல் தெரிந்தது. மறுநாள் பழையது கொஞ்சம் கருத்ததுபோல் இருந்தது. இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் ரிப்போர்ட்டுகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ராத்திரியில் எடுத்துப் பார்ப்பேன்.

மின்ட்_மேம்பாலம் | இரவு 8.10

சிரிக்கவில்லை. நான் 11 பரிசோதனை எடுத்தவன்.

அறிகுறிகளுக்கு ஒரு நோட்டு வைத்திருந்தேன். கழுத்தில் கட்டி தேடித் தேடி அழுத்தியே அந்த இடம் வீங்கிவிட்டது. நாக்கை ஒரு நாளைக்கு நாற்பது தடவை டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஏழாவது பரிசோதனைக்கு வேறு பெயர் கொடுத்தேன். ரிப்போர்ட் வந்ததும் அது என் பெயரில் இல்லையே என்று எட்டாவதுக்குப் போனேன். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு என் தம்பிதான் இழுத்துப் போனான். புறநோயாளிப் பிரிவில் ஒரு மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எந்த ரிப்போர்ட் வந்தால் நீங்கள் நிறுத்துவீர்கள்?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகுதான் ஓ.சி.டி. என்ற பெயரையே சொன்னார். கையை ஐம்பது தடவை கழுவுகிறவருக்கு வருவதும் இதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாம். சந்தேகம் வருகிறது, பரிசோதனை செய்கிறாய், ஒரு மணி நேரம் நிம்மதி, அந்த நிம்மதிதான் அடுத்த சந்தேகத்துக்குச் சோறு. மாத்திரை கொடுத்தார். கூடவே ஒரு பயிற்சியும்: தோன்றும்போது தேடக்கூடாது, யாரிடமும் கேட்கக்கூடாது, பத்து நிமிடம் அப்படியே உட்கார வேண்டும். முதல் நாள் பத்து நிமிடம் பேசின் பிரிட்ஜ் சிக்னலில் ரயில் நிற்கிற மாதிரி நகரவே இல்லை.

கவனித்தீர்களா? முதலில் எண் ஏறுகிறது என்றீர்கள். தாத்தா அதை அடைத்ததும் நாள் போதுமா என்ற கேள்வி. அதையும் அடைத்ததும் குழாய் மாறிவிட்டது. அடுத்தது என்னவென்று நானே சொல்லவா? “எனக்கு மட்டும் எதிர்ப்பொருள் உருவாகாத உடம்பாக இருந்தால்?”

தண்டையார்பேட்டை_தூங்காதவன் | இரவு 8.14

அதைத்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

மட்டுறுத்துநர் | இரவு 9.00

‘எச்.ஐ.வி.யை 48 நாளில் வேரோடு எடுக்கும் மூலிகைப் பொடி, 15,000 ரூபாய்’ என்று போன் எண்ணோடு வந்த பதிவை நீக்கிவிட்டேன். அந்த எண்ணுக்கு யாராவது பணம் அனுப்பியிருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். அதை முற்றிலும் நீக்கும் பொடியும் கிடையாது, லேகியமும் கிடையாது.

நம்பிக்கை_மையத்தில்_ஒருத்தி | இரவு 9.35

அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். மேலே எல்லோரும் ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். ‘சிறுநீர் கழிக்கும்போது லேசாக எரிகிறது, அது உடல்சூடுதான்.’ எனக்கு 0.24ஐவிட அந்த வரிதான் கண்ணில் பட்டது.

தம்பி, கேட்கிறேன், கூச்சப்படாமல் சொல்லுங்கள். எப்போதிலிருந்து? காலையில் எழுந்ததும் சீழோ பசையோ வருகிறதா? உள்ளாடையில் கறை?

தண்டையார்பேட்டை_தூங்காதவன் | இரவு 9.50

அந்தச் சம்பவம் நடந்து நான்கைந்து நாளில் தொடங்கியது அக்கா. முதல் வாரம் கொஞ்சம் அதிகம். பிறகு குறைந்து, இப்போது காலையில் ஒரு துளி, பசைமாதிரி. இளநீர் குடித்தேன். எச்.ஐ.வி.க்கு இப்படி அறிகுறி எங்கேயும் போடவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

நம்பிக்கை_மையத்தில்_ஒருத்தி | இரவு 10.20

எச்.ஐ.வி.க்கு அப்படி அறிகுறி இல்லைதான், வெட்டைக்கு, அதாவது கொனோரியாவுக்கு, உண்டு. வாய்வழியில் எச்.ஐ.வி. வருவது அரிது. எச்சிலிலேயே அதை அடக்கும் புரதம் இருக்கிறது. எச்சிலில் உப்பு குறைவு, அதனால் தொற்றிய ரத்த அணுக்கள் அதில் உடைந்துவிடும். அவருடைய ஈறில் கொஞ்சம் ரத்தம் கசிந்திருந்தாலும் இந்தக் கதை பெரிதாக மாறாது. ஆனால் கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ், ஹெர்பிஸ் இவற்றுக்கெல்லாம் வாய் ஒரு தடையே இல்லை. தொண்டையில் கொனோரியா இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது, வலிகூட இருக்காது.

தினமும் பார்க்கிறேன். வராத நோய்க்கு ஐந்து ரிப்போர்ட் கொண்டுவருவார்கள். வந்திருக்கிற நோயை உடல்சூடு என்று இளநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

நாளைக் காலை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பால்வினை நோய்ப் பிரிவு எங்கே என்று கேட்கக் கூச்சமாக இருந்தால் சுகவாழ்வு மையம் எங்கே என்று கேளுங்கள், இரண்டும் ஒன்றுதான். புறநோயாளி சீட்டு மட்டும் போதும், காசு கிடையாது. காலையில் சிறுநீர் கழிக்காமல் போனால் மருத்துவர் பார்க்க வசதி. சிபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல். என்ற ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள், அதை 90ஆம் நாள் இன்னொரு முறை எடுத்துவிடுங்கள். நம்பிக்கை மையத்திலும் ஒரு ரத்தம் கொடுத்தால் எச்.ஐ.வி.யும் இலவசமாகப் பார்த்துவிடலாம். முதல் கிட்டில் ஒன்றும் தெரியாவிட்டால் நெகட்டிவ். தெரிந்தால்தான் வேறு இரண்டு கிட்டுகளில் உறுதி செய்வோம்.

ரிப்போர்ட்டை உங்கள் கையில்தான் தருவோம், கூடத்தில் கூப்பிட மாட்டோம். உங்களைக் கூப்பிட்ட ஆய்வகம் செய்தது சட்டப்படி தவறு. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது, விவரத்தை வெளியே விடவும் கூடாது.

பிறகு படிக்கப்போகிறவர்களுக்காக ஒன்று. ஆணுறை கிழிந்தது, ஊசி குத்தியது போன்ற உண்மையான ஆபத்து நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு ஓடிவாருங்கள். 28 நாள் மாத்திரை இருக்கிறது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இந்தத் தம்பிக்கு நடந்தது மாதிரி விஷயத்துக்கு அதைப் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். சந்தேகம் எதுவானாலும் 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணுக்குப் பேசலாம், தமிழில் பேசுவார்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

வியாசை_தையல் | இரவு 11.45

காலையிலிருந்து இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. 2007இல் மூன்றாம் மாதம் சுமக்கும்போது ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் மூலம் வந்தது. பிரசவத்தன்று எனக்கு ஒரு மாத்திரை, பிறந்ததும் குழந்தைக்குச் சொட்டு மருந்து. மகளுக்கு 18 மாதத்தில் பார்த்தபோது இல்லை என்றார்கள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

2008இல் எனக்கு சிடி4, அதாவது நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களின் அளவு, 180க்கு இறங்கியதும் கூட்டு மருந்து ஆரம்பித்தார்கள். பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு வியாசர்பாடியிலிருந்து பஸ்ஸில் கடற்கரை நிலையம், அங்கிருந்து மின்ரயிலில் தாம்பரம் சானடோரியம். மாதம் ஒருமுறை. அந்த மருந்தில் இருந்த ஒன்று கன்னத்துச் சதையைத் தின்றுவிடும். இரண்டு வருடத்தில் கன்னம் ஒட்டிப்போய், ‘உனக்கு என்ன நோய்?’ என்று தெருவே கேட்டது. பிறகு அதை மாற்றினார்கள். இப்போது ராத்திரிக்கு ஒரே ஒரு மாத்திரை. ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அப்படி இருந்தால் உடலுறவிலும் பரவாது என்கிறார்கள் மருத்துவர்கள். காலை ஒன்பது மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் ராத்திரி வரை ரவிக்கை தைக்கிறேன்.

தூங்காத தம்பி, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இங்கே எல்லோரும் ‘உனக்கு வந்திருக்காது, பயப்படாதே’ என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும், வந்தவள் ஒருத்தி படித்துக்கொண்டிருக்கிறாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. நீ ராத்திரி இரண்டு மணிக்கு எதை நினைத்து நடுங்குகிறாயோ அதோடுதான் நான் தினமும் காலையில் பால் வாங்கப் போகிறேன்.

அந்தப் பெண்ணையும் ஒரு நிமிடம் நினை. அவர் வாயில் ரத்தம் இருந்ததா, நோய் இருந்ததா என்று ஐம்பது நாளாக ஆராய்கிறாய். தொண்டையில் வலிக்காமல் நோய் இருக்கும் என்று மேலே அக்கா எழுதியிருக்கிறார். அவருக்கு யார் சொல்வார்கள்? வாய்வழியில் யாருக்காவது கொஞ்சமாவது ஆபத்து என்றால் அது வாயைக் கொடுத்தவருக்குத்தான். உன்னிடமிருந்து ஏதாவது வந்திருக்குமோ என்று அவர் எந்த ஆய்வகத்துக்குப் போயிருப்பார்?

பழைய_வண்ணை | நள்ளிரவு 12.30

அக்கா, நான் காலையில் எழுதியதை நீக்க முடியவில்லை, திருத்தும் நேரம் முடிந்துவிட்டதாம். அப்படியே கிடக்கட்டும்.

கொருக்குப்பேட்டை_கணக்கு | மறுநாள் காலை 7.00

வியாசை அக்கா எழுதியதற்குப் பிறகு எண்களைப் பேச வாய் வரவில்லை. தம்பி, ஸ்டான்லிக்குப் போனீர்களா?

தண்டையார்பேட்டை_தூங்காதவன் | மதியம் 2.40

போனேன். காலை ஏழேகாலுக்கே வாசலில் நின்றேன். சீட்டு கொடுக்கும் இடத்தில் வாயே வரவில்லை. ‘சுகவாழ்வு மையம்’ என்றதும் அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு முன்னால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒருவர், ஒரு மாநகராட்சித் தொழிலாளி, கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மருத்துவர் ஒரு நிமிடம்தான் பார்த்தார். ஒரு கண்ணாடிச் சில்லில் தடவி எடுத்துப் போனார்கள். அரை மணி நேரத்தில் சாம்பல் நிறப் பொட்டலம் ஒன்று கொடுத்து, உள்ளே இருப்பதை அங்கேயே தண்ணீரோடு விழுங்கச் சொன்னார்கள். அவ்வளவுதான் வைத்தியம். ஐம்பது நாள் நான் எங்கெங்கோ அலைந்தேன், பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

எச்.ஐ.வி. நெகட்டிவ். வி.டி.ஆர்.எல். நெகட்டிவ், 90ஆம் நாள் மறுபடி வரச் சொன்னார்கள். அந்தப் பெண்ணையும் சிகிச்சைக்கு வரச்சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். எனக்கு அவருடைய பெயர்கூடத் தெரியாது. வியாசை அக்கா எழுதியது அப்போதுதான் உறைத்தது. அழைத்துப் போன நண்பனிடம் அவருடைய எண் இருக்கும். கேட்க வேண்டும்.

மின்ட்_மேம்பாலம் | மதியம் 3.05

நல்லது. பீரோவில் இருக்கும் அந்த உறை?

தண்டையார்பேட்டை_தூங்காதவன் | மதியம் 3.11

இருக்கிறது. ராத்திரி எடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

மின்ட்_மேம்பாலம் | மதியம் 3.20

14416 என்று டெலிமானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, இரவிலும் பேசலாம். கீழ்ப்பாக்கம் வருவதென்றால் சொல்லுங்கள், துணைக்கு வருகிறேன். எனக்கு அங்கே எந்த வரிசை சீக்கிரம் நகரும் என்று தெரியும்.

ராயபுரம்_தாத்தா | மாலை 5.00

பொட்டலம் விழுங்கிய பிறகு ஒரு வாரம் யாரோடும் எதுவும் வேண்டாம், மருத்துவர் சொல்லியிருப்பார். வீட்டில் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கு.

எண்ணூர்_கழிமுகம் | மாலை 6.30

நிச்சயித்த பெண்ணிடம் சொல்லப் போகிறீர்களா?

வியாசை_தையல் | இரவு 9.10

அதை நாம் தீர்மானிக்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல்வேன். கல்யாணத்துக்கு முன் இரண்டு பேரும் சேர்ந்து ரத்தம் பார்த்துவிடலாம் என்று அந்தப் பெண் கேட்டால் முகம் சுளிக்காதே. என்னை யாரும் அப்படிக் கேட்கச் சொல்லவில்லை.

தண்டையார்பேட்டை_தூங்காதவன் | ஐப்பசி, 93ஆம் நாள், காலை 10.05

மன்னிக்கவும், இத்தனை நாள் வரவில்லை. மின்ட் அண்ணனோடு கீழ்ப்பாக்கம் மூன்று முறை போய்வந்தேன். மாத்திரை சாப்பிடுகிறேன். இரவில் தேடுவது குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. எரிச்சல் அன்றோடு போய்விட்டது. முந்தாநாள் எடுத்த வி.டி.ஆர்.எல். நெகட்டிவ். எச்.ஐ.வி. எடுக்கவில்லை, மருத்துவர் கூடாது என்றார். நண்பனிடம் எண் வாங்கி அந்தப் பெண்ணுக்குப் பேசினேன். இரண்டு நிமிடம். கேட்டுக்கொண்டார். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இன்று காலை மழைக்குப் பயந்து அம்மா பீரோவை ஒழித்திருக்கிறார், அடித்தட்டில் ஈரம் ஏறுகிறதாம். நான் குளித்துவிட்டு வருவதற்குள் உறையைப் பிரித்து, இரண்டு கைக்குட்டையையும் ஒரே வாளியில் ஊறவைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டார். ரிப்போர்ட்டுகளை வங்கிக் காகிதம் என்று நினைத்து மேல்தட்டில் அடுக்கியிருக்கிறார்.

“எப்போதிலிருந்துடா வெற்றிலை போட ஆரம்பித்தாய்?” என்று கேட்டார். இரண்டுமே வெற்றிலைதானா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இப்போது மழை விட்ட நேரத்தில் மாடிக் கொடியில் இரண்டும் காய்கின்றன. எது எந்தக் கைக்குட்டை என்று எனக்கே தெரியவில்லை.